மோதுற கேலக்ஸிகளோட அகச்சிவப்பு வெளிச்சம்: உள்ள எரியறது நட்சத்திரமா, கருந்துளையா?

தூசிமேகம் கேட்டது:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா ஆர்ப் 220ங்கற கேலக்ஸி பத்தி படிச்சிட்டு இருக்கேன், படிக்கப் படிக்க குழப்பம்தான் ஜாஸ்தியாகுது. எனக்குப் புரிஞ்சவரைக்கும், 1983ல ஐராஸ்னு ஒரு சாட்டிலைட் வானம் முழுக்க அகச்சிவப்புல அலசினப்போ, சாதா டெலஸ்கோப்புல மங்கலா அழுக்கா தெரிஞ்ச சில கேலக்ஸிங்க அகச்சிவப்புல மட்டும் பயங்கரமா ஜொலிச்சிருக்கு. லட்சம் கோடி சூரியனுக்கு மேல வெளிச்சம் வந்தா அதுக்கு அல்ட்ரா லூமினஸ்னு ஒரு தனி வகுப்பே வெச்சிட்டாங்க, அதுல நமக்குக் கிட்ட இருக்கறதுதான் இந்த ஆர்ப் 220, சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரம். இந்த வகுப்புல இருக்கற கேலக்ஸி கிட்டத்தட்ட எல்லாமே ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டு இருக்கு, அது வரைக்கும் ஓகே.

ஆனா இந்த வெளிச்சத்துக்கு பவர் எங்கேருந்து வருதுன்னு பாத்தா ஒரு கட்டுரையில புதுசா பொறக்கற நட்சத்திரம்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல நடுவுல இருக்கற கருந்துளைன்னு போட்டிருக்கு, மூணாவதுல ரெண்டும்னு சொல்லி நைஸா நழுவிட்டாங்க. ஐராஸ் பறந்து 40 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னுமா இத கண்டுபிடிக்க முடியல? ஒரு பக்கம் நட்சத்திரம், ஒரு பக்கம் கருந்துளை, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத சரக்கு, இதப் போய் எப்டி குழப்பிப்பாங்க?

---

பழைய_ரேடியோ:

நல்ல கேள்வி தம்பி. குழப்பத்துக்குக் காரணமே தூசிதான். உன் பேர்லயே இருக்கு பாரு.

நட்சத்திரமோ கருந்துளையோ, எதுவா இருந்தாலும் முதல்ல வெளிய விடறது புற ஊதாவும் சாதா வெளிச்சமும்தான். ஆனா இந்த கேலக்ஸிகளோட நடுவுல காஸும் தூசியும் அவ்ளோ அடர்த்தியா அடைஞ்சு கெடக்கறதால அந்த ஒளி ரொம்ப தூரம் போக முடியாது, தூசி அத முழுங்கிட்டு தான் லேசா சூடாகி, அதாவது ஒரு 30லேருந்து 60 கெல்வின், அந்த சூட்ட 60, 100 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அலைநீளம் பக்கம் அகச்சிவப்பா வெளிய விடுது. நமக்கு வந்து சேர்றது அந்த தூசியோட சூடு மட்டும்தான். பக்கத்து வீட்டு சமையக்கட்டு சுவர நம்ம பக்கத்துலேருந்து தொட்டுப் பாத்தா சூடா இருக்குன்னு தெரியும், உள்ள எரியறது விறகா கேஸான்னு சுவரு சொல்லுமா? அதே கததான். ஆர்ப் 220ல வர்ற மொத்த வெளிச்சத்துல கிட்டத்தட்ட எல்லாமே இப்டி தூசி வழியா மாறி வர்றதுதான்.

சரி, கணக்கு போட்டாவது ஒண்ண தட்டிவிடலாமேன்னு பாத்தா அதுவும் நடக்காது. ஆர்ப் 220 சுமார் ஒண்ணரை லட்சம் கோடி சூரியன் வெளிச்சம் விடுது. இத நட்சத்திரமே குடுக்கணும்னா வருஷத்துக்கு 200, 250 சூரியன் எடைக்கு புது நட்சத்திரம் பொறக்கணும். நம்ம பால்வெளியில வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சூரியன் எடைதான் பொறக்குதுன்னு வெச்சுக்கோ. அங்க காஸ் கையிருப்பு ஒரு ஆயிரம் கோடி சூரியன் எடை இருக்கும், அந்த வேகத்துல செலவு பண்ணா 4 கோடி வருஷத்துல கஜானா காலி. கேலக்ஸி ஆயுசுக்கு அது ஒண்ணுமே இல்லதான், ஆனா முடியாத காரியம் இல்ல.

இதையே கருந்துளை குடுக்கணும்னா? வருஷத்துக்கு ஒரே ஒரு சூரியன் எடை உள்ள விழுந்தா போதும். ஹைட்ரஜன் எரிஞ்சு ஹீலியமாகறப்போ எடையில 0.7 சதவீதம்தான் சக்தியா மாறும், கருந்துளைக்குள்ள சுத்தி சுத்தி விழறப்போ 10 சதவீதம் பக்கம் மாறும், அதான் இவ்ளோ சிக்கனம். எடிங்டன் வரம்பு (அதுக்கு மேல போனா வெளிச்சமே உள்ள விழற காஸ வெளிய தள்ளிரும்) தாண்டாம அவ்ளோ வெளிச்சம் விடணும்னா கருந்துளைக்கு குறைஞ்சது நாலரைக் கோடி சூரியன் எடை வேணும். நம்ம பால்வெளி நடுவுல இருக்கறது 43 லட்சம்தான், ஆனா நாலரைக் கோடிங்கறது பெரிய கேலக்ஸிக்கு சர்வ சாதாரணம். ஆக ரெண்டுமே நடக்கற காரியம்தான், அதான் இழுபறி.

---

புதுசா_வந்தவன்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு கேலக்ஸி மோதுதுன்னா அந்த மோதலே சூடு கிளப்புமே, நட்சத்திரமும் நட்சத்திரமும் முட்டிக்கிட்டு வெடிக்காதா? அந்த சூடே இந்த வெளிச்சமா இருக்கக் கூடாதா

---

பழைய_ரேடியோ:

நட்சத்திரங்க முட்டிக்கவே முட்டிக்காது ப்ரோ, நடுவுல இருக்கற இடைவெளி அப்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து வெளிய வந்துரும். மோதறது காஸ்தான். அதுக்கும் கணக்கு இருக்கு. ஆயிரம் கோடி சூரியன் எடை காஸ் செகண்டுக்கு 300 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதி, அந்த சக்தி ஒரு சொட்டு வீணாகாம ஒரு கோடி வருஷத்துல ஒளியா மாறுதுன்னே வெச்சுக்குவோம், வர்றது 750 கோடி சூரியன் வெளிச்சம். ஆர்ப் 220 விடறதுல அது அரை சதவீதம். அவ்ளோதான்.

ஆனா மோதல் இல்லாம எதுவும் நடக்காதுங்கறதும் உண்மை. மோதல்ல காஸ் தன்னோட சுழற்சிய எழந்துரும், ஈர்ப்பு விசை முறுக்கி விட்டதுல அது வரைக்கும் வெளிய நிம்மதியா சுத்திட்டு இருந்த காஸ் மொத்தமும் நடுவுல போய் கொட்டும். 1972லயே டூம்ரே சகோதரர்கள் மோதற கேலக்ஸிகளோட நீள வால் எப்டி உருவாகுதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டு காட்டிட்டாங்க, 90கள்ல பார்ன்ஸும் ஹெர்ன்குவிஸ்டும் காஸையும் சேத்து ஓட்டிப் பாத்தப்போ அது நடுவுல குவியறதும் தெரிஞ்சுது. ஆக மோதல் எரிபொருள கொண்டு போய் எறக்கிட்டு போயிடுது, அத யாரு எரிக்கறாங்கங்கறதுதான் இங்க சண்டை.

---

நிறமாலை:

அண்ணன் சொன்ன சுவரு உதாரணம் 60 மைக்ரானுக்கு சரிதான், ஆனா அகச்சிவப்புன்னா அது ஒண்ணு மட்டும் இல்லையே. 5லேருந்து 30 மைக்ரான் வரைக்கும் இருக்கற நடு அகச்சிவப்புல நிறமாலை எடுத்தா, அதாவது ஒளிய அலைநீளம் வாரியா பிரிச்சுப் பாத்தா, உள்ள யாரு இருக்கான்னு துப்பு கெடைக்கும். இந்த இழுபறிய பாதி தீத்து வெச்சதே அதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நியான். ஒரே தனிமம், ரெண்டு சாட்சி. நியான் அணுவுலேருந்து ஒரு எலக்ட்ரான உருவ 21.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல சக்திய அளக்கற அலகு) போதும், இளசா சூடா இருக்கற நட்சத்திரம் அத ஈஸியா பண்ணிரும், அப்போ 12.8 மைக்ரான்ல ஒரு கோடு வரும். நாலு எலக்ட்ரான உருவணும்னா கடைசி ஆளுக்கு மட்டும் 97 எலக்ட்ரான் வோல்ட் வேணும், எவ்ளோ பெரிய நட்சத்திரமா இருந்தாலும் அவ்ளோ சக்தியுள்ள ஃபோட்டான பேருக்குக்கூட விடாது. ஆனா கருந்துளைய சுத்தற சூடான காஸ் தட்டுக்கு அது தண்ணி பட்ட பாடு. அதனால அந்த நாலு எலக்ட்ரான் போன நியானோட கோடு 14.3 மைக்ரான்ல தெரிஞ்சா உள்ள கருந்துளை தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம், 12.8 மட்டும் பெருசா இருந்து 14.3 ஆள காணோம்னா நட்சத்திரக் கட்சி ஜெயிச்சுது.

இன்னொரு சாட்சி பிஏஎச்னு சொல்ற கார்பன் மூலக்கூறுங்க, நம்ம வண்டிப் புகையில வர்றதே அந்த குடும்பம்தான். 6.2, 7.7, 11.3 மைக்ரான்ல அகலமா மேடு மேடா தெரியும். நட்சத்திரம் பொறக்கற எடத்துல ஜோரா இருக்கும், கருந்துளைக்குப் பக்கத்துல அந்த எக்ஸ்ரேல பிஞ்சு போயிடும், மிச்சம் இருந்தாலும் அங்க இருக்கற சூடான தூசியோட வெளிச்சத்துல அமுங்கிரும்.

ஐரோப்பாக்காரங்களோட ஐஎஸ்ஓ டெலஸ்கோப்ப வெச்சு கென்ஸல் குழு இத பண்ணி 1998ல போட்டாங்க. ஆமா, நம்ம பால்வெளி கருந்துளைக்காக 2020ல நோபல் வாங்கினாரே, அதே ரைன்ஹார்ட் கென்ஸல்தான். 15 அல்ட்ரா லூமினஸ் கேலக்ஸிய பாத்ததுல 70லேருந்து 80 சதவீத கேலக்ஸிங்களுக்கு முக்கிய பவர் நட்சத்திரப் பொறப்பு, மிச்ச 20, 30 சதவீதத்துக்கு கருந்துளைன்னு வந்துது. முக்கியமா கவனிக்க வேண்டியது, அந்த 15ல குறைஞ்சது பாதியில ரெண்டும் சேந்தே இருந்துது. நம்ம நண்பர் நழுவிட்டாங்கன்னு சொன்னாரே, அவங்க நழுவல, அதுதான் பதில்.

---

கருந்துளை_கட்சி:

அக்கா நீங்க 1998லயே நின்னுட்டீங்க. அதுக்கப்புறம் ஸ்பிட்சர்னு அகச்சிவப்பு டெலஸ்கோப் வந்து இன்னும் நல்ல கருவி வெச்சு நெறைய கேலக்ஸிய பாத்துச்சு, 2009ல வெய்லூ குழு போட்ட கணக்குல அல்ட்ரா லூமினஸ் கேலக்ஸில கருந்துளையோட பங்கு சராசரியா 35லேருந்து 40 சதவீதம். சராசரிங்க! அதுலயும் 25 மைக்ரான் வெளிச்சம் 60 மைக்ரான் வெளிச்சத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல இருந்துச்சுன்னா அது சூடான வகை, அங்க பாதிக்கு மேலயே கருந்துளைதான்.

வெளிச்சம் ஏற ஏற கருந்துளை பங்கும் ஏறுது, இத யாரும் மறுக்க முடியாது. லட்சம் கோடி சூரியன் கிட்ட இருக்கறப்போ நட்சத்திரம் ஆட்டம், ரெண்டு லட்சம் கோடி தாண்டினா பாதி கேலக்ஸில கருந்துளையோட அடையாளம் சாதா ஒளி நிறமாலையிலயே தெரியுது. அதுக்கு மேல போனா கேக்கவே வேணாம். மார்க்கேரியன் 231 எடுத்துக்கோங்க, சப்தரிஷி மண்டலத்துல சுமார் 60 கோடி ஒளியாண்டுல இருக்கு, நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற க்வேசார்னு (கருந்துளை தின்னறதுல நடுப்பகுதி பயங்கரமா ஜொலிக்கற கேலக்ஸி) சொன்னாலே அதத்தான் சொல்லுவாங்க, அதுவும் மோதி முடிச்ச கேலக்ஸிதான். வருஷத்துக்கு நூறு சூரியனுக்கு மேல நட்சத்திரம் பொறந்தும் பெரும்பங்கு வெளிச்சம் கருந்துளையோடது. அதோட ஹெர்ஷல் டெலஸ்கோப்புல பாத்தா மூலக்கூறு காஸ் செகண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் பக்கம் வெளிய பீச்சி அடிக்குது, அதாவது நட்சத்திரம் பொறக்க வெச்சிருந்த சரக்க கருந்துளை வீட்ட விட்டே தொரத்துது.

1988லயே சாண்டர்ஸ் குழு இத சொல்லிட்டாங்க, பத்து கேலக்ஸிய வெச்சு. முதல்ல மோதல், காஸ் நடுவுல கொட்டும், தூசிக்குள்ள நட்சத்திரம் கொத்து கொத்தா பொறக்கும், கருந்துளை வளரும், கடைசில தூசிய ஊதித் தள்ளிட்டு க்வேசாரா வெளிய வரும். இது உண்மைன்னா நட்சத்திரமா கருந்துளையாங்கற கேள்விக்கு நீங்க எந்த வயசுல போட்டோ எடுத்தீங்கங்கறதுதான் பதில்.

---

நிறமாலை:

தம்பி, நான் 98லயே நிக்கல, அங்கேருந்து ஆரம்பிச்சேன். 35, 40 சதவீதம் கருந்துளைன்னா மிச்ச 60 யாரோடதாம்? கட்சி பேர மாத்திக்கோ :)

வயசு விஷயத்துல உன் பக்கம் நியாயம் இருக்கு, ஆனா அது நேர்கோடு கெடையாது. என்ஜிசி 6240ன்னு மோதற கேலக்ஸிய பாரு. இன்னும் ரெண்டு நடுப்பகுதியும் ஒண்ணா சேரல, 3,000 ஒளியாண்டு இடைவெளி இருக்கு, ஆனா சந்திரா டெலஸ்கோப் (நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேர்ல இருக்கறதேதான்) எக்ஸ்ரேல பாத்தப்போ ரெண்டு நடுவுலயும் தலா ஒரு கருந்துளை தின்னுட்டு இருந்துது, 2002 கடைசில அறிவிச்சாங்க. இரும்போட 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு ரெண்டு எடத்துலேருந்தும் தனித்தனியா வந்துச்சு, அத வெச்சுதான் புடிச்சாங்க. அப்போ க்வேசார் கட்டத்துக்கு காத்திருக்காம பாதி வழியிலயே கருந்துளை முழிச்சிருச்சுன்னு ஆகுது. காஸ் சும்மா கொட்டறதில்ல, வர்றது போறதுமா இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி தின்னும், நிறுத்தும்.

முன்னாடி ஒருத்தர் மோதல் சூடு கேட்டாரே, அவருக்கும் இந்த கேலக்ஸில கொஞ்சம் ஆறுதல் இருக்கு. மொத்த பவருக்கு அது போதாதுதான், ஆனா 6240ல ரெண்டு நடுவுக்கும் இடையில அதிர்வலையில அடிபட்டு சூடான ஹைட்ரஜன் மூலக்கூறு 2.12 மைக்ரான்ல அசாத்தியமா ஒளிருது.

---

பழைய_ரேடியோ:

நீங்க ரெண்டு பேரும் சுத்தி சுத்தி வந்தாலும் தம்பி கேட்ட ஆர்ப் 220க்கு யாரும் வரல. நான் வர்றேன், என் ஏரியா அது.

அங்க நடு அகச்சிவப்பே பாதி வழியில செத்துப் போகுது. மேற்குப் பக்கத்து நடுப்பகுதி இருக்கே (ரெண்டு இருக்கு, கிழக்கு மேற்குன்னு கூப்பிடுவாங்க, இடைவெளி சுமார் 1,200 ஒளியாண்டு), அதுல தூசி எவ்ளோ அடர்த்தின்னா ஆல்மா டெலஸ்கோப்ல மில்லிமீட்டர் அலை நீளத்துல பாத்தாகூட முழுசா ஊடுருவ முடியல. நியான் கோடு வரலைங்கறதுக்கு கருந்துளை இல்லைன்னும் அர்த்தம் சொல்லலாம், கோடு வெளிய வர வழியில்லைன்னும் சொல்லலாம். எக்ஸ்ரேயும் இதே கததான், நூஸ்டார் டெலஸ்கோப் வந்து ரொம்ப பவர்ஃபுல்லான எக்ஸ்ரேல பாத்தும் பெருசா ஒண்ணும் மாட்டல, உள்ள கருந்துளை இருந்தா அது மகா கனமான திரைக்குப் பின்னாடி இருக்கணும்.

ரேடியோவுக்கு தூசி ஒரு பொருட்டே இல்ல. உலகத்துல பல மூலையில இருக்கற ரேடியோ டிஷ்ஷ எல்லாம் ஒண்ணா சேத்து 18 செமீ அலையில பாத்தா, அந்த நடுப்பகுதி பரவலான ஒரே வெளிச்சமா இல்லாம புள்ளி புள்ளியா பிரியுது. 1998ல வெளியான முதல் படத்துல ஒரு டஜன் புள்ளி, 2006ல கிட்டத்தட்ட 50. ஒவ்வொண்ணும் ஒரு சூப்பர்நோவா, அதாவது பெரிய நட்சத்திரம் வெடிச்சு சாகறது. திரும்பத் திரும்ப படம் எடுத்தப்போ முன்னாடி இல்லாத எடத்துல புதுப் புள்ளி மொளைச்சுது, அத வெச்சு வருஷத்துக்கு சுமார் 4 சூப்பர்நோவான்னு கணக்கு. நம்ம கேலக்ஸில நூறு வருஷத்துக்கு ரெண்டுன்னு சொல்லுவாங்க! ஒரு சூப்பர்நோவாவுக்குப் பின்னாடி எத்தன நட்சத்திரம் பொறந்திருக்கணும்னு கணக்கு போட்டா, அந்த 4 மட்டுமே மொத்த அகச்சிவப்பு வெளிச்சத்துக்கும் போதுமானதா இருக்கு. கருந்துளைய கூப்பிட வேண்டிய அவசியமே வரல.

வெறுமனே திரை மறைக்குதுன்னு சொல்ற ஆளுங்கள என்னால ஒத்துக்க முடியாததுக்கு இதான் காரணம், ரேடியோல நட்சத்திரம் சாகறது கண்ணுக்கு முன்னாடி தெரியுது, எண்ணிப் பாக்கலாம். ஜேம்ஸ் வெப் 2023 ஏப்ரல்ல அழகா ஒரு படம் போட்டுச்சு, நடுவுலேருந்து ஆறு முனை நட்சத்திரம் மாதிரி ஒளிக் கீத்து அடிக்கும், அது கண்ணாடியோட டிசைனால வர்றது, அதப் பாத்துட்டு கருந்துளைன்னு வாட்ஸ்அப்ல கிளப்பி விட்டவங்களும் உண்டு. 2024ல அதே வெப்போட நிறமாலைய வெச்சு வந்த ஆய்வுலயும் தின்னுட்டு இருக்கற கருந்துளைக்கு தெளிவான தடயம் இல்ல. உள்ள கருந்துளை இருக்கும், ரெண்டு பெரிய கேலக்ஸி, இல்லாம எங்க போகும். ஆனா ஆர்ப் 220ஓட கரண்ட் பில்ல கட்டறது அது இல்லைங்கறது என் கட்சி.

---

கருந்துளை_கட்சி:

இதுக்கு ஒரு கொக்கி போடறேன் அண்ணா. சூப்பர்நோவா கணக்குல 4ங்கறதுக்கே கூட ரெண்டு குறைய இருக்கலாம்னு இடம் விட்டுத்தான் சொல்றாங்க, அப்போ கால் பங்கு, ஏன் பாதி பங்குகூட கருந்துளைக்கு ஒளிஞ்சுக்க இடம் இருக்கு. அதுவும் மேற்குப் பக்கத்துல அவ்ளோ வெளிச்சம் அவ்ளோ சின்ன எடத்துலேருந்து வருது, அதுதான் எனக்கு உறுத்துது. மத்தபடி வருஷத்துக்கு 4 செம, அதுக்கு நான் சலாம் வெச்சிடறேன்.

---

தூசிமேகம்:

அப்பா, ஒரு கேள்விக்கு இவ்ளோவா, எல்லாருக்கும் நன்றி. வருஷத்துக்கு 4 சூப்பர்நோவாங்கறத படிச்சிட்டு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் கண்டுக்கல.

ரெண்டு சின்ன கேள்வி. ஒண்ணு, நம்ம பால்வெளியும் ஆண்ட்ரோமெடாவும் மோதினா இப்டித்தான் ஆகுமா? ரெண்டு, என்கிட்ட 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கு, இதுல எதாவது தெரியுமா?

---

நிறமாலை:

ஆண்ட்ரோமெடா மோதறதே இப்போ நிச்சயம் இல்ல. ஹபிள், கையா டெலஸ்கோப்புங்களோட அளவெல்லாம் வெச்சு 2025ல வந்த கணக்குப்படி அடுத்த ஆயிரம் கோடி வருஷத்துல மோதறதுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்டியே மோதினாலும் அதுக்குள்ள ரெண்டு பேர்கிட்டயும் காஸ் இப்போ இருக்கறதவிட குறைஞ்சு போயிருக்கும், சரக்கு இல்லாம ஆர்ப் 220 லெவலுக்கு எரியாது. இந்த மாதிரி கேலக்ஸிங்க இப்போ அபூர்வம், ஆனா ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்னாடி எக்கச்சக்கம், ஏன்னா அப்போ எல்லா கேலக்ஸிகிட்டயும் காஸ் கொட்டிக் கெடந்துது. ஹவாய்ல மௌனா கியா மேல இருக்கற ஜேசிஎம்டி டெலஸ்கோப்ல 1997, 98 வாக்குல ஸ்கூபா கேமரா போட்டப்போதான் அந்தக் கூட்டம் வெளிய தெரிஞ்சுது.

டெலஸ்கோப் விஷயம் அண்ணன்கிட்ட விட்டுடறேன்.

---

பழைய_ரேடியோ:

ஆர்ப் 220 சர்ப்ப மண்டலத்துல இருக்கு, நம்ம ஊர்லேருந்து ஜூன் ராத்திரில கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல வரும், அது வரைக்கும் நல்ல சேதி. பிரகாசம் 14 பக்கம் (இந்த நம்பர் ஏற ஏற மங்கல்), அதுவும் பரவலா, 8 இன்ச்சுல தேடினா கழுத்து வலிதான் மிச்சம். நல்ல இருட்டுல 12 இன்ச் இருந்தா ஒரு மங்கலான கறை தெரியும், அந்த கறை அகச்சிவப்புல என்னவா இருக்குன்னு நீ மனசுக்குள்ள வெச்சுக்க வேண்டியதுதான்.

உனக்கு எம் 82 சரியா வரும். மோதி ஒட்டின கேலக்ஸி இல்ல, பக்கத்துல இருக்கற எம் 81 உரசிட்டுப் போனதுல நடுவுல நட்சத்திரப் பொறப்பு கிளம்பினது, 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுதான், பிரகாசம் 8.4. வடக்கால தாழ்வா இருக்கும், சென்னையிலேருந்து பாத்தா அதிகபட்சம் 33 டிகிரி உசரம்தான் ஏறும், அதனால வடக்குப் பக்கம் ஊர் வெளிச்சம் இல்லாத எடமா பாத்துக்கோ. ஏப்ரல் மாசம் ராத்திரி 9 மணி சுமாருக்கு உச்சத்துல இருக்கும். 100 மடங்கு பெருசாக்கிப் பாரு, சுருட்டு மாதிரி இருக்கும், நடுவுல குறுக்க கருப்பா ஒரு வெட்டு தெரிஞ்சா அதான் தூசி. பாத்துட்டு இங்க வந்து போடு.